அட்டை நகல் வைத்த மனு

மேலநத்தத்தில் யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றால் மலர்க்கொடி வீட்டுக்குத்தான் போவார்கள். பத்தாவது வரை படித்தவள். கையெழுத்து குண்டு குண்டாக, தாசில்தார் கண்ணாடியைத் தேடாமலேயே படித்துவிடும்படி இருக்கும். விதவை உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் திருத்தம், சுடுகாட்டுப் பாதை என்று இருபது வருடத்தில் அவள் எழுதாத மனு இல்லை. பாதிக்கு மேல் பலித்தும் இருந்தன. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். ஊரில் மற்றவர்களுக்கு நிலம் இருந்தது, மாடு இருந்தது. அவளுக்கு எழுத்து இருந்தது.

மேலநத்தம் சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். ஊரின் கடைசித் தெரு வாய்க்கால் தெரு. அறுபத்திரண்டு வீடு. தெருவை ஒட்டி ஓடுகிற பாசன வாய்க்காலைத் தாண்டினால் கொத்தங்குளம் டவுன் பஞ்சாயத்து. அந்தக் கரையில் சிமெண்ட் ரோடு, வீட்டுக்கு வீடு குழாய், கம்பத்துக்குக் கம்பம் லைட்டு. இந்தக் கரையில் களிமண். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். வாய்க்காலின் அகலம் என்னவோ ஒரு ஆள் நீளம்தான். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே பல் விளக்குகிறவர்களுக்கு வயிறு எரியுமா எரியாதா?

மலர்க்கொடிக்கு வயது நாற்பத்தைந்து. புருஷன் கொளஞ்சியப்பன் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். மகள் இளவரசி காலேஜில் இரண்டாம் வருடம். மலர்க்கொடி எட்டு வருடமாக நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். பெயர்தான் நீளம், வேலை என்னவென்றால், வந்தவர்கள் பெயரை எழுதுவது, ஆளுக்கு எவ்வளவு மண் வெட்ட வேண்டும் என்று கயிறு பிடித்துக் காட்டுவது, காலையில் ஒரு தடவை, மதியத்துக்குப் பின் ஒரு தடவை எல்லோரையும் வரிசையாக நிறுத்தி செல்போனில் படம் எடுத்து ஏற்றுவது. படத்தில் முகம் இல்லை என்றால் அன்றைய வேலையும் இல்லை. பொறுப்பாளரை அடிக்கடி மாற்ற வேண்டும் என்று விதி இருக்கிறதாம். மாற்றுவதற்குப் படித்த வேறு ஆள் வராததால் அவளே தொடர்ந்தாள்.

வேலைக்கு வருகிற பெண்கள் புடவைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். வெயிலுக்கும் முள்ளுக்கும் அதுதான் தோது. தலையில் துண்டு, இடுப்பில் மண் சுமக்கிற பாண்டு, தோளில் மண்வெட்டி. மலர்க்கொடி சட்டை போட மாட்டாள். துவைத்த புடவை, ஒரு கட்டைப் பை, அதில் நோட்டு, பேனா, ஸ்டாம்பு பேடு. தூரத்திலிருந்து பார்த்தாலே யார் எழுதுகிறவள், யார் வெட்டுகிறவள் என்று தெரிந்துவிடும். அது தெரிய வேண்டும் என்றுதான் அவளும் சட்டை போடாமல் இருந்தாள் என்று நினைக்கிறேன்.

நூறு நாள் வேலைக்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள் என்று டீக்கடையில் உட்கார்ந்து கதை பேசுகிறவர்கள் சொல்வதுண்டு. அவர்கள் ஒரு நாள் சித்திரை வெயிலில் வந்து குளத்துக் களிமண்ணை ஒரு பாண்டு தூக்கிப் பார்க்கலாம்.

முத்தம்மாள் அப்படித் தூக்கிப் பழகியவள்தான். அறுபத்து மூன்று வயது. புருஷன் போய்ப் பன்னிரண்டு வருடம். ஒரே மகள் திருப்பூரில். முன்பெல்லாம் நடவுக்கு முதலில் கூப்பிடுவது அவளைத்தான். அப்புறம் நடவு மெஷின் வந்தது. மெஷின் இறங்காத வயலுக்கும் வேன் வைத்து வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அறுபது தாண்டியவளை எந்த வயல்காரரும் கூப்பிடவில்லை. கூப்பிடாததற்குக் காரணமும் சொல்லவில்லை. பார்த்தால் சிரித்துவிட்டுப் போனார்கள். நூறு நாள் வேலையில் மட்டும் அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாது. எழுதிக் கேட்டால் பதினைந்து நாளுக்குள் வேலை கொடுத்தாக வேண்டும் என்று சட்டம். இதை ஒரு கிராம சபைக் கூட்டத்தில் யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து முத்தம்மாளுக்கு அந்த ஒரு வாக்கியம் மனப்பாடம்.

"கேட்டா குடுத்துதான் ஆவணும்," என்பாள். "எம் பொழப்புல அப்படி ஒண்ணு இருந்ததே இல்ல மலரு. மாமியா கிட்ட கேட்டேன், குடுக்கல. நாட்டாமக்காரரு கிட்ட கேட்டேன், குடுக்கல. கவர்மெண்டு மட்டும் குடுத்துதான் ஆவணுமாம்."

இடுப்பு வலிக்க ஆரம்பித்த பிறகு மலர்க்கொடி அவளைத் தண்ணீர் கொடுக்கிற வேலையில் போட்டாள். வயதானவர்களை அப்படிப் போடலாம் என்று விதியிலேயே இருக்கிறது. வரிசை வரிசையாகக் குடத்தோடு போய், ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீரும் இரண்டு வார்த்தை ஏச்சும் கொடுத்துவிட்டு வருவாள். அந்த ஏச்சு இல்லாத நாளில் வேலைத்தளமே வெறிச்சென்று இருக்கும். மலர்க்கொடி அவளை அத்தை என்று கூப்பிடுவாள். உறவு முறை அப்படி ஒன்றும் நெருக்கம் இல்லை. பாசம்தான்.

அந்த அத்தைக்காகத்தான் எல்லாம் ஆரம்பித்தது. போன வருடத்துக்கு முந்தின வருடம், ஐப்பசி அடைமழையில் முத்தம்மாளுக்கு நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் பேச்சு குழறியது. மலர்க்கொடி போன் போட்டு ஆம்புலன்ஸை வரவழைத்தாள். வண்டி மெயின் ரோட்டு மதகு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் வந்தால் சக்கரம் புதையும் என்றார் டிரைவர். அவர் சொன்னது பொய்யில்லை. முத்தம்மாளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, விழாமல் இருக்கப் புடவையால் கட்டி, நாலு பேர் முழங்கால் சேற்றில் தூக்கிக்கொண்டு போனார்கள். நாற்காலியின் ஒரு கால் ஒடிந்தது. மலர்க்கொடி குடை பிடித்துக்கொண்டு கூடவே போனாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சிமெண்ட் ரோட்டில் ஒருவன் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனதைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

முத்தம்மாள் பிழைத்து வந்தாள். வந்த வாரமே மலர்க்கொடி பேனாவை எடுத்தாள். ரோடு கேட்டு, லைட்டு கேட்டு அதற்கு முன்பே ஏழெட்டு மனு போட்டிருந்தாள். நிதி இல்லை என்று பதில் வரும். சில சமயம் அதுவும் வராது. இந்தத் தடவை வேறு வழியாக யோசித்தாள். ரோடு போட முடியாத ஊரிடம் ரோடு கேட்டு என்ன பிரயோஜனம்? தெருவையே ரோடு இருக்கிற ஊரோடு சேர்த்துவிடச் சொன்னால் என்ன? 'மேற்படி வாய்க்கால் தெருவை கொத்தங்குளம் பேரூராட்சியுடன் இணைத்து உத்தரவிட வேண்டுமாய்ப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.' எழுதி முடித்ததும் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை அவள் அதுவரை கேட்டதில்லை.

கையெழுத்து வாங்க வீடு வீடாக அலையவில்லை. அலைவானேன்? காலைப் படம் எடுத்து முடித்ததும் தெருவே அவள் முன்னால் வரிசையில் நிற்கிறது. "ரோடு வரும், லைட்டு வரும், கொழாய் வரும். நல்லதுக்குத்தான், வைங்க," என்றாள். வைத்தார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள். மற்றவர்கள் ஸ்டாம்பு பேடில் கட்டைவிரலை ஒற்றி வைத்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. அவளும் படித்துக் காட்டவில்லை. முத்தம்மாள் விரலில் ஒட்டிய மையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "ரோடு வந்தா என்னை நாற்காலில தூக்க வேணாம், நடந்தே செத்துப் போவேன்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மனுவுக்குக் கனம் வேண்டும் என்பது மலர்க்கொடியின் கட்சி. ஒற்றைத் தாளாகப் போனால் ஃபைலில் எங்காவது செருகிவிடுவார்கள். கட்டாகப் போனால் எடுத்து வைக்க இடம் தேடவாவது வேண்டும். அதனால் கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவருக்கும் முகவரிச் சான்று வைத்தாள். எந்தச் சான்று? எல்லோரிடமும் இருக்கிற, அவள் கைக்கு எட்டுகிற சான்று ஒன்றுதான். நூறு நாள் வேலை அட்டை. அதில் குடும்பத்தோடு போட்டோ இருக்கிறது, தெருப் பெயர் இருக்கிறது, அரசாங்க முத்திரை இருக்கிறது. அத்தனை அட்டையையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கொத்தங்குளத்தில் சார்லஸ் வைத்திருக்கிற ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். சார்லஸ் நகல் எடுத்து, வரிசை எண் போட்டு, நூல் கோர்த்துக் கொடுத்தார்.

"அக்கா, கல்யாண ஆல்பம் மாதிரி இருக்குது," என்றார்.

நூறு நாள் வேலை கிராமப் பஞ்சாயத்துக்கு மட்டும்தான். டவுன் பஞ்சாயத்துக்குக் கிடையாது. இது மலர்க்கொடிக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். கொத்தங்குளத்துப் பெண்கள் இந்த வேலைக்கு வர முடியாமல் பெருமூச்சு விடுவதை எட்டு வருடமாகப் பார்த்திருக்கிறாள். ஆனால் அவர்களுக்கு வேலை இல்லை என்பதும், நாமும் அவர்களோடு சேருகிறோம் என்பதும் அவள் மண்டையில் ஒரே நேரத்தில் வந்து நிற்கவே இல்லை. அட்டையை ரத்து செய்யச் சொல்லும் மனுவுக்கு அட்டை நகலையே சான்றாக வைத்துத் தைத்துக் கொடுத்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது. கூடவே, நாற்காலியையும் குடையையும் நினைத்தால் அந்தக் கோபம் நிற்கவும் மாட்டேன் என்கிறது.

மனு போனது. ஒரு வருடம் சத்தமில்லை. மறந்தே போனார்கள். இந்த வருடம் மாசி மாதம், பெரிய குளத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒன்றிய அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் உட்காருகிற மாலதி போன் செய்தாள்.

"அக்கா, உங்க தெருவ கொத்தங்குளத்தோட சேக்கறாங்க. லிஸ்ட்டு வந்துட்டுது."

மலர்க்கொடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நம்ம மனுதான் மாலதி. நாந்தான் எழுதனேன்."

"அக்கா, அப்ப அட்டையெல்லாம் க்ளோஸ் பண்ணிடுவாங்களே. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் மாலதி.

மலர்க்கொடி குளத்தைப் பார்த்தாள். நாற்பத்தொரு பேர், நாற்பத்தொரு சட்டை. முத்தம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அன்று மதியப் படத்தை அவள் மூன்று தடவை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

மறுநாள் நேரில் போய் விசாரித்தாள். மாலதி சொன்னது சரிதான். ஆட்சேபணை இருந்தால் எழுத்து மூலமாகத் தெரிவிக்க ஆறு வாரம் இருக்கிறது என்றார்கள். அதில் இரண்டு வாரம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. கொத்தங்குளத்தில் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டாள். துப்புரவு வேலை காண்ட்ராக்டில் இருக்கிறது, ஆள் நிறைந்துவிட்டது என்றார்கள்.

வீட்டுக்கு வந்து கொளஞ்சியப்பனிடம் சொன்னாள். அவன் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"நீ ஏன் இப்படி அரண்டு போற? டவுனு வந்தா நல்லதுதான. எடத்துக்கு மதிப்பு வரும். ரோடு வரும். ஆட்டோவ வாசல் வரைக்கும் ஓட்டிட்டு வருவேன்."

"முத்தம்மா அத்தைய யாருங்க வேலைக்குக் கூப்புடுவாங்க?"

"அதுக்கு நீ என்னா பண்ணுவ. நீ ஒருத்தியா கேட்ட? எல்லாரும்தான கைநாட்டு வெச்சாங்க."

"படிச்சுக் காட்டலயே."

கொளஞ்சியப்பன் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தான். "அத வெளில சொல்லாத," என்றான். "கவர்மெண்டா சேத்துட்டுதுன்னு சொல்லு. யாரு போய்ப் பாக்கப் போறாங்க?"

நல்ல யோசனைதான். கெட்ட யோசனைகள் எல்லாமே முதலில் நல்ல யோசனையாகத்தான் இருக்கின்றன. மலர்க்கொடி மூன்று நாள் அதைப் பிடித்துக்கொண்டாள். வேலைத்தளத்தில் எப்போதும்போல் பெயர் எழுதினாள், கயிறு பிடித்தாள். நாலாம் நாள் புது மனு ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு போனாள். எங்கள் தெருவை இணைக்கும் உத்தேசத்துக்கு நாங்கள் ஆட்சேபணை தெரிவிக்கிறோம், இணைத்தால் வேலை உறுதித் திட்டம் பறிபோகும் என்று சுருக்கமாக எழுதியிருந்தாள். பழைய மனு பற்றி ஒரு வரிகூட இல்லை.

காலைப் படம் முடிந்ததும் விஷயத்தைச் சொன்னாள். கவர்மெண்டு நம் தெருவை டவுனில் சேர்க்கப் பார்க்கிறது, சேர்த்தால் வேலை போய்விடும், வேண்டாம் என்று கையெழுத்துப் போடுங்கள் என்றாள். பெண்கள் பதறிப்போய்ப் பேடைத் தேடினார்கள். முத்தம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"போன தடவ ரோட்டுக்குன்னு கைநாட்டு வாங்கனியே, அது என்னா ஆச்சி?"

மலர்க்கொடி பேடின் மூடியைத் திறந்து நீட்டினாள்.

"ஏம்மா, உன்னத்தான். அது என்னா மனு?"

அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். எட்டு வருடமாக அவள் இவர்கள் முகத்தைப் பார்த்து, படத்தில் சரியாக விழுகிறதா என்று சோதித்து எழுதியவள். இப்போது அவர்கள் சோதித்தார்கள்.

"அதுதான் அத்த இது," என்றாள். "டவுன்ல சேக்கச் சொல்லி நாந்தான் எழுதனேன். வேலை போயிடும்னு எனக்குத் தோணல."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒருத்தி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குளத்துக்குள் இறங்கிவிட்டாள். இன்னொருத்தி, "எங்க அட்டைய வாங்கிட்டுப் போனியே, அதுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டாள். முத்தம்மாள் பேசாமல் நின்று அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

"இந்த மனுவப் படி," என்றாள் கடைசியில். "முழுசாப் படி."

மலர்க்கொடி படித்தாள். பெறுநர், பொருள், ஐயா, எல்லாம் படித்தாள்.

"இது ஆவாது," என்றாள் முத்தம்மாள். "நாமளே வேணும்னு கேட்ட காயிதம் அவங்க கைல இருக்குது. கைநாட்டு இருக்குது. அட்டையும் வெச்சிக் குடுத்திருக்கற. இப்ப வேணாம்னா, பொழுது போவாத பொம்பளைங்கன்னு தூக்கிக் கடாசிடுவாங்க. நடந்தத எழுது. எங்க கிட்ட படிச்சுக் காட்டாம கைநாட்டு வாங்குனேன்னு எழுது."

"அத்த, அப்படி எழுதுனா..."

"உம் பேர எழுது. உங் கையெழுத்துப் போடு. அப்பதான் நான் கைநாட்டு வைப்பேன்."

மலர்க்கொடி அங்கேயே, கரையில் உட்கார்ந்து எழுதினாள். எத்தனையோ பேருக்காக எத்தனையோ எழுதியிருக்கிறாள். தனக்காக எழுதுவது இதுதான் முதல் தடவை, அதுவும் இப்படி. 'முந்தைய மனுவை எழுதிய மலர்க்கொடி ஆகிய நான், அதில் கையொப்பமிட்டவர்களுக்கு அதைப் படித்துக் காட்டவில்லை. பணித்தளத்தில் வைத்துக் கையொப்பமும் கைரேகையும் பெற்றேன். இணைத்தால் வேலை நின்றுபோகும் என்பதை நானும் யோசிக்கவில்லை, அவர்களுக்கும் சொல்லவில்லை.' எழுதியதைச் சத்தமாகப் படித்தாள். முத்தம்மாள் விரலை நீட்டினாள். அவளுக்குப் பிறகு மற்றவர்கள் வந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் மறுபடி ஒரு தடவை படித்துக் காட்டச் சொன்னாள் முத்தம்மாள். வேலை ஆரம்பிக்கப் பத்தரை மணி ஆகிவிட்டது. விட்ட நேரத்தை மதியம் சேர்த்து வெட்டினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். மலர்க்கொடி, முத்தம்மாள், இன்னும் இரண்டு பேர் சிதம்பரத்தில் பஸ் ஏறினார்கள். இரண்டு பேர் சீட்டில் மலர்க்கொடி உட்கார்ந்தாள். முத்தம்மாள் போய் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். கடலூரில் இறங்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் தனக்குப் பொறுப்பாளர் வேலை போவதைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது என்று மலர்க்கொடி பின்னால் சொன்னாள்.

டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, உள்ளே போக ஒரு மணி ஆகிவிட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி சலிப்பில்லாத மனிதர். ஃபைலை வரவழைத்தார். சார்லஸ் கோர்த்த நூல் அப்படியே இருந்தது. முதல் அட்டை நகலில் முத்தம்மாளும் காலமான அவள் புருஷனும் சேர்ந்து எடுத்த போட்டோ. அவர் பக்கங்களைப் புரட்டினார்.

"நீங்கதானம்மா கேட்டிருக்கீங்க. கேட்டதைத்தானே குடுக்கறோம்."

முத்தம்மாள் மலர்க்கொடியைப் பார்த்தாள். கேட்டா குடுத்துதான் ஆவணும் என்று மகிழ்ந்துபோனவள் அவள்.

அதிகாரி பழைய மனுவையும் புது மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே. அன்னிக்கு வேணும்னு எழுதி வாங்கினவங்களே இன்னிக்கு வேணாம்னு எழுதி வாங்கறாங்களா?" என்றார். மனுவைத் தள்ளி வைக்கப் போனவர், மூன்றாவது பத்தியில் கண் பட்டு நின்றார். படித்தார். திரும்பவும் படித்தார்.

"மலர்க்கொடி யாரு?"

"நாந்தான் சார்."

"யாராவது மிரட்டி எழுத வெச்சாங்களா?"

"இல்ல சார். நடந்ததுதான்."

"பணித்தளத்துல, வேலை நேரத்துல வாங்கினேன்னு எழுதியிருக்கீங்க. இதனால உங்க பொறுப்பு போவும். தெரியுமா?"

"தெரியும் சார்."

தெரியும் என்று அவரிடம் சொல்லிவிட்டாளே தவிர, அந்த நிமிடம் வரை அவள் அதை முழுசாக நம்பியிருக்கவில்லை. அதிகாரி ஓரத்தில் ஏதோ எழுதி, நேரடி விசாரணை நடத்தி அறிக்கை அனுப்பவும் என்று கையெழுத்துப் போட்டார்.

விசாரணை பங்குனியில் நடந்தது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி தெருவுக்கே வந்து, கோயில் வாசலில் எல்லோரையும் கூட்டி, இணைந்தால் என்ன வரும், என்ன போகும் என்று இரண்டையும் சொன்னார். இதைத்தான் முதலிலேயே யாராவது செய்திருக்க வேண்டும். பிறகு வேண்டுமென்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். வெளியில் வேலைக்குப் போகிற ஆண்கள் பலர் தூக்கினார்கள்; கொளஞ்சியப்பனும் தூக்கினான். வேண்டாம் என்பவர்கள் என்றதும் சட்டை போட்ட கைகள் எழுந்தன. அவைதான் அதிகம்.

"லைட்டு வேணாம்னு கையத் தூக்கற பொம்பளைங்கள இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றான் கொளஞ்சியப்பன்.

"லைட்ட வெச்சி ஒல பொங்குமா?" என்றாள் முத்தம்மாள்.

வாய்க்கால் தெரு மட்டும் அடுத்த உத்தரவு வரும்வரை இணைப்புப் பட்டியலிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது. அடுத்த உத்தரவு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ரோடு வரவில்லை, குழாய் வரவில்லை. இந்த ஐப்பசியிலும் ஆம்புலன்ஸ் மதகோடு நிற்கும். வேலை இருக்கிறது, அவ்வளவுதான்.

மலர்க்கொடியின் பொறுப்பு போயிற்று. வேலை நேரத்தில் கையொப்பம் பெற்றது, வேலை அட்டைகளை வேறு காரியத்துக்கு நகலெடுத்தது என்று காரணம் எழுதியிருந்தார்கள். அவள் எழுதிக் கொடுத்த வரிகளைத்தான் திருப்பி எழுதியிருந்தார்கள். அவள் இடத்துக்கு நடுத்தெரு கனிமொழியைப் போட்டார்கள். பன்னிரண்டாவது படித்த பெண். ஸ்டாம்பு பேடையும் நோட்டையும் மலர்க்கொடி அவள் வீட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டு வாரம் அவள் வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்றாள். இளவரசிதான் ஒரு நாள், "அம்மா, உன் பேர்லயும் அட்டை இருக்குதுல்ல?" என்று கேட்டாள். மறுநாள் மலர்க்கொடி ஆணியிலிருந்து கொளஞ்சியப்பனுடைய பழைய காக்கிச் சட்டையை எடுத்துப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டாள். கை நீளமாக இருந்தது, மடித்து விட்டுக்கொண்டாள். பாண்டை எடுத்தாள். வாசலில் இறங்கும்போது யார் கண்ணிலும் படக்கூடாது என்று இருந்தது. வாய்க்கால் தெருவில் அது நடக்கிற காரியமா?

பெரிய குளத்தில் கனிமொழி போனை நீட்டிக்கொண்டு எல்லோரையும் வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தாள். மலர்க்கொடிக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. எட்டு வருடமாக அவள் நின்ற இடம் எதிர்ப்பக்கம். பின் வரிசைக் கடைசியில், புங்கமரத்து நிழலில் போய் ஒதுங்கி நின்றாள்.

"கடைசில நிக்கறவங்க மொகம் விழலக்கா," என்றாள் கனிமொழி, யாரென்று பார்க்காமல்.

முன் வரிசையிலிருந்து முத்தம்மாள் திரும்பிப் பார்த்தாள். கடலூர் பஸ்ஸிலிருந்தே அவள் மலர்க்கொடியோடு பேசவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு வரிசையை விட்டு வந்தாள். மலர்க்கொடியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் நிறுத்தினாள். சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தாள்.

"வெயில்ல நில்லு. நெழல்ல நின்னா விழாதுன்னு நீதான எங்களுக்குச் சொல்லுவ," என்றாள்.

மலர்க்கொடிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்தால் கை முகத்தை மறைக்கும், படத்தில் முகம் இல்லை என்றால் வேலை இல்லை. அதனால் துடைக்காமல் நின்றாள். கனிமொழி படத்தை எடுத்து, எண்ணிப் பார்த்து, நாற்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டாள்.